காட்டு வழியும் சக்கர நாற்காலியும்

மழை ஓய்ந்த ஒரு காலை வேளையில் திருவனந்தபுரம் நகரிலிருந்து கிழக்கே நோக்கினால், நீல நிறத்தில் ஒரு மலைத்தொடர் தெளிவாகத் தோன்றும். அதன் நடுவே உயர்ந்து நிற்பது அகத்தியர் கூடம். கடல் மட்டத்திற்கு மேல் 1,868 மீட்டர் உயரமுள்ள இச்சிகரத்தைச் சூழ்ந்த மலைகளில் பெய்யும் மழையில் ஒரு பகுதி நெய்யாறாகவும் கரமனையாறாகவும் மேற்கே ஓடி அரபிக் கடலை அடைகின்றது. மற்றொரு பகுதி தாமிரவருணியாகிக் கிழக்கே திருநெல்வேலியின் வயல்களை வளப்படுத்துகின்றது. தாவரவியல், விலங்கியல், நிலவியல் ஆகிய மூன்றையும் ஒரே நாளில் கண்கூடாகக் கற்பிப்பதற்கு இதைவிடச் சிறந்த இடம் கிடைப்பது அரிது. ஆகவே இம்மலைகளின் அடிவாரத்திலுள்ள காடுகளுக்கும் நீர்த்தேக்கங்களுக்கும் ஆசிரியர்கள் மாணவர்களை அழைத்துச் செல்வது வழக்கமாக இருந்து வருகின்றது.

அவ்வாறு புறப்படும் வகுப்பில் நாற்பது மாணவர்கள் இருப்பதாகக் கொள்வோம். அவர்களுள் ஒரு சிறுமி சக்கர நாற்காலியில் அமர்ந்து பள்ளிக்கு வருபவள். பிரயாணப் பட்டியல் தயாரிக்கும்போது அவளிடம், “நீ கஷ்டப்பட வேண்டாம், நாங்கள் படம் பிடித்து வந்து காட்டுகிறோம்” என்று சொல்லப்படுகின்றது. இதில் எவருக்கும் தீய எண்ணம் இல்லை. ஆயினும் முப்பத்தொன்பது பேர் கண்ட காட்டை அவள் காணவில்லை. மறுநாள் வகுப்பில் மலபார் அணிலைப் பற்றியும் ஈட்டி மரத்தைப் பற்றியும் பேச்சு நடக்கும்போது அவளுக்குச் சொல்வதற்கு ஒன்றுமில்லை. அவளைத் தடுத்தது அவளுடைய கால்களா, அல்லது காட்டு வழியின் அமைப்பா என்பதே இக்கட்டுரை ஆராய விரும்பும் வினா.

எத்தனை பேர்?

2011-ம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் உடற்குறை அல்லது மனக்குறை உடையோர் 2 கோடியே 68 லட்சம் பேர். அவர்களுள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர், அதாவது சுமார் 54 லட்சம் பேர், நடமாட்டத்தில் குறைபாடு உடையவர்கள். கேரளத்தில் மட்டும் எல்லா வகைக் குறைபாடும் சேர்ந்து 7 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கணக்கிடப்பட்டனர்.

இவர்களோடு முதியோரையும் சேர்த்து எண்ண வேண்டும். அதே கணக்கில் கேரள மக்களுள் 100-க்கு 12.6 பேர் அறுபது வயதைக் கடந்தவர்களாக இருந்தனர். இந்தியா முழுவதற்குமான விகிதம் 8.6. முழங்கால் வலியுள்ள பாட்டனார், கர்ப்பிணிப் பெண், கால் எலும்பு முறிந்து கட்டுப் போட்டிருப்பவர், கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்திருக்கும் தாய் ஆகிய அனைவருக்கும் படிக்கட்டு ஒரு தடை. சாய்தளம் ஓர் உதவி. எனவே இது சிலருக்காகச் செய்யப்படும் தர்மமன்று. மனித ஆயுளில் ஏதேனும் ஒரு பருவத்தில் பெரும்பாலோருக்கும் தேவைப்படும் வசதியாகும்.

திருவனந்தபுரத்தைச் சூழ்ந்த இடங்கள்

திருவனந்தபுரம் மாவட்டத்தில் தேசியப் பூங்கா என்ற சட்டப் பெயர் பெற்ற இடம் இல்லை. ஆனால் இரு வனவிலங்குச் சரணாலயங்கள் உள்ளன. 1958-ம் ஆண்டில் அமைக்கப்பட்ட நெய்யாறு சரணாலயம் 128 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. 1983-ம் ஆண்டில் அமைக்கப்பட்ட பேப்பாறை சரணாலயம் 53 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. இங்கே கரமனையாற்றின் குறுக்கே கட்டப்பட்ட அணையிலிருந்துதான் நகருக்குக் குடிநீர் வருகின்றது. இவ்விரண்டும் 2001-ம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்தில் அடங்கும். 2016-ம் ஆண்டில் இக்காப்பகம் யுனெஸ்கோவின் உலகப் பட்டியலிலும் இடம் பெற்றது.

இவற்றையன்றி, நடமாட்டக் குறைபாடு உடையோர்க்கு முதற் பாடமாகப் பயன்படத்தக்க இடங்கள் வேறு மூன்று உண்டு. முதலாவது, 1857-ம் ஆண்டில் நிறுவப்பட்ட திருவனந்தபுரம் மிருகக்காட்சி சாலை. நகரின் நடுவே சுமார் 55 ஏக்கர் பரப்பில் பெருமரங்கள் சூழ அமைந்த இது ஏற்ற இறக்கமான நிலம். பாதைகள் கெட்டியானவை என்றாலும் சரிவுகள் கைகளுக்கு வேலை கொடுப்பவை. இரண்டாவது, 1979-ம் ஆண்டில் பாலோட்டில் தொடங்கப்பட்ட ஜவாஹர்லால் நேரு வெப்பமண்டலத் தாவரவியல் தோட்ட ஆராய்ச்சி நிலையம். ஏறத்தாழ 300 ஏக்கரில் அமைந்த இத்தோட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அரிய தாவரங்களைக் காணலாம். மூன்றாவது பொன்முடி. இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட சாலை வழியே, வாகனத்தை விட்டு இறங்காமலே, அடிவாரத்து ரப்பர்த் தோட்டங்களிலிருந்து மேட்டுப் புல்வெளி வரையில் தாவரங்கள் படிப்படியாக மாறுவதைக் காணலாம்.

கேரளத்தின் தேசியப் பூங்காக்களிலும் இத்தகைய வேறுபாடுகள் உள்ளன. இரவிகுளத்தில் இராஜமலைப் பகுதி வரையில் வனத்துறையின் பேருந்தில் செல்லலாம். அதன் பின் தார்ச்சாலையின் ஓரத்திலேயே நீலகிரி வரையாடு மேய்ந்து கொண்டிருக்கும். அதைக் காண்பதற்கு நிற்பவருக்கும் அமர்ந்திருப்பவருக்கும் வேற்றுமை இல்லை. அமைதிப் பள்ளத்தாக்கிலோ முக்காலியிலிருந்து சைரந்திரிக்கு 23 கிலோமீட்டர் ஜீப்பில் செல்ல வேண்டும். பள்ளத்தாக்கின் முழுத் தோற்றம் உயரமான காட்சிக் கோபுரத்தின் மேலிருந்துதான் கிடைக்கும். ஆகவே, “காடு கடினமானது” என்று பொதுப்படக் கூறுவது பொருந்தாது. எந்த இடத்தில், எது, எவ்வளவு கடினம் என்பதை அளந்து கூற வேண்டும்.

சரிவின் கணக்கு

சக்கர நாற்காலியின் முதற் பகை சரிவு. சாய்தளத்தைப் பற்றிப் பள்ளியில் கற்பிக்கப்படும் பாடமே இங்கும் பொருந்துகின்றது. அமர்ந்திருப்பவர் 60 கிலோகிராமும் நாற்காலி 20 கிலோகிராமும் ஆக மொத்தம் 80 கிலோகிராம் எடை என்று கொள்வோம். இருபதுக்கு ஒன்று என்ற சரிவில், அதாவது 20 மீட்டர் முன்னேறும்போது 1 மீட்டர் ஏறும் பாதையில், நாற்காலி பின்னோக்கி உருளாமல் நிறுத்துவதற்கே ஏறக்குறைய 4 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை வேண்டும். பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சரிவில் இது சுமார் 6.7 கிலோகிராமாக உயரும். எட்டுக்கு ஒன்றானால் 10 கிலோகிராம். சக்கரத்திற்கும் தரைக்கும் இடையேயுள்ள தடையை வெல்வதற்குரிய விசை இதற்கு மேல்.

இவ்விசையை ஒருவர் தோள், மணிக்கட்டு ஆகிய சிறு மூட்டுகளைக் கொண்டு, ஒவ்வொரு தள்ளலிலும், இடைவிடாமல் தர வேண்டும். நடப்பவர் உடலின் மிகப் பெரிய தசைகளாகிய தொடைத் தசைகளைக் கொண்டு ஏறுகின்றார்; நாற்காலியில் இருப்பவர் கைகளால் ஏறுகின்றார். இந்த வேற்றுமையை நினைவிற் கொண்டே, சாய்தளத்தின் சரிவு பன்னிரண்டுக்கு ஒன்று என்பதற்கு மிகாமலும், 9 மீட்டர் நீளத்திற்கு ஒரு முறை இளைப்பாறுவதற்குச் சமதளம் இருக்குமாறும் அமைக்க வேண்டுமென்று மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. இறங்கும்போதும் அபாயம் உண்டு. வேகத்தைக் கைகளால் பிடித்துக் கட்டுப்படுத்தும்போது உள்ளங்கை சூடேறிக் கொப்பளிக்கும். செங்குத்தான சரிவில் இறக்குவதற்கு உதவுபவர், நாற்காலியைப் பின்புறமாகத் திருப்பித் தாம் கீழ்ப்புறம் நின்று மெல்ல இறக்குவதே பாதுகாப்பான முறை.

சரிவை அளப்பதற்கு விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. 120 சென்டிமீட்டர் நீளமுள்ள நேரான ஒரு மரச்சட்டமும், கொத்தனார் உபயோகிக்கும் ரசமட்டமும், ஓர் அளவுகோலும் போதும். சட்டத்தைப் பாதையின் மீது ஏற்றத்தின் திசையில் வைத்து, ரசமட்டத்தின் குமிழி நடுவே வரும் வரையில் தாழ்ந்த முனையை உயர்த்த வேண்டும். அம்முனைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி 6 சென்டிமீட்டரானால் சரிவு இருபதுக்கு ஒன்று; 10 ஆனால் பன்னிரண்டுக்கு ஒன்று; 15 ஆனால் எட்டுக்கு ஒன்று. பாதையின் குறுக்கேயும் இவ்வாறே அளக்க வேண்டும். குறுக்குச் சரிவு ஐம்பதுக்கு ஒன்று என்பதைவிட அதிகமாக இருந்தால் நாற்காலி ஒரு பக்கமாக இழுத்துக் கொண்டே போகும். பள்ளத்தின் பக்கம் அது இழுக்குமானால் அபாயம் சொல்ல வேண்டியதில்லை. பள்ளி மாணவர்களைக் கொண்டே ஒரு முற்பகலில் அரை கிலோமீட்டர் பாதையை அளந்து படம் வரைந்து விடலாம். திரிகோண கணிதத்திற்கும் இதைவிட நல்ல பயிற்சி இல்லை.

தரையும் மழையும்

சரிவுக்கு அடுத்தது தரையின் தன்மை. கேரளத்தின் அடிவாரப் பகுதிகளில் பரவலாகக் காணப்படுவது செம்புறைப் பாறையும் அதிலிருந்து உண்டான செம்மண்ணும். 1807-ம் ஆண்டில் பிரான்சிஸ் புக்கானன் என்பவர் விஞ்ஞான உலகிற்கு இப்பாறையை விவரித்து ‘லேட்டரைட்’ என்று பெயரிட்டதும் கேரளத்திலுள்ள அங்காடிப்புறத்தில் கண்டவற்றைக் கொண்டுதான். கோடையில் இத்தரை கெட்டியாகவும் சக்கரத்திற்கு உகந்ததாகவும் இருக்கும். ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் மேற்பரப்பு குழைந்து வழுக்கும். நாற்காலியின் முன்புறச் சிறு சக்கரங்கள் அதில் புதையும். சரளைக் கற்களும் மணலும் இவ்வாறே சிறு சக்கரங்களை விழுங்குவன. ஆதலால் ஒரு பாதை நாற்காலிக்கு ஏற்றதா என்ற வினாவிற்கு விடை மாதத்திற்கு மாதம் மாறும். பிப்ரவரியில் அளந்த பாதையை ஜூலையில் நம்பிப் போகலாகாது.

மென்மையான தரைக்கு ஒரு பரிகாரம் மரப்பாதை. இதற்குத் தமிழ்நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சென்னை மெரினாக் கடற்கரையில், மணல் வெளியைக் கடந்து அலைகளின் அருகே செல்லும் 263 மீட்டர் நீளமுள்ள மரப்பாதை ஒன்று 2022-ம் ஆண்டு நவம்பர் மாதத்தில் திறக்கப்பட்டது. கடலைத் தொலைவிலிருந்தே கண்டுவந்த பலர், முதன்முறையாகத் தம் நாற்காலியிலேயே அதன் அருகில் சென்றனர். இரண்டு வாரங்களுக்குள் வந்த மாண்டஸ் புயலில் அப்பாதை சேதமுற்றது. பின்னர்ப் பழுது பார்க்கப்பட்டுத் திறக்கப்பட்டது. இதிலிருந்து அறியத்தக்கவை இரண்டு. மணலையும் சேற்றையும் வெல்வது அரிதன்று என்பது ஒன்று. இயற்கையின் விளிம்பில் அமைக்கும் எதற்கும், கட்டும் செலவோடு பராமரிக்கும் செலவையும் முதலிலேயே கணக்கிட வேண்டும் என்பது மற்றொன்று. நெய்யாற்றுக் கரையில் புயலின் இடத்தில் வெள்ளமும் கறையானும் நிற்கும், அவ்வளவே வேற்றுமை.

மரப்பாதை அமைக்கும்போது பலகைகளை நடக்கும் திசைக்குக் குறுக்காகப் பதிக்க வேண்டும். நீளவாக்கில் பதித்தால் இடைவெளிக்குள் சக்கரம் சிக்கிக் கொள்ளும். நாற்காலி ஒன்றும் உடன் நடப்பவர் ஒருவரும் செல்ல ஒன்றரை மீட்டர் அகலமும், எதிர் எதிராக இரு நாற்காலிகள் கடந்து செல்ல 1.8 மீட்டர் அகலமும் தேவை. முழுவதும் அகலமாக்க இயலாத இடங்களில், ஆங்காங்கே திரும்புவதற்கும் ஒதுங்குவதற்கும் ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள இடம் விட்டால் போதும்.

கண்ணின் மட்டம்

பாதை நன்றாக அமைந்து, காட்சி முனை வரையில் சென்று சேர்ந்த பின்னும் ஏமாற்றம் காத்திருக்கக் கூடும். சக்கர நாற்காலியில் அமர்ந்த வயது வந்தவரின் கண்மட்டம் தரையிலிருந்து சுமார் 1.15 மீட்டர். காட்சி முனைகளில் பாதுகாப்புக்காகக் கட்டப்படும் கைப்பிடிச் சுவரின் உயரம் பெரும்பாலும் ஒரு மீட்டர் அளவில் இருக்கும். நாற்காலியின் கால்தாங்கி சுவரில் முட்டுவதால் கண்ணுக்கும் சுவருக்கும் இடையே ஏறத்தாழ முக்கால் மீட்டர் தூரம் இருக்கும். கண் சுவரின் விளிம்பைவிட 15 சென்டிமீட்டர் மட்டுமே உயர்ந்திருப்பதால், 30 மீட்டர் ஆழத்திலுள்ள நீர்த்தேக்கத்தில், சுவரிலிருந்து ஏறக்குறைய 150 மீட்டர் தூரம் வரையில் உள்ள எதுவும் அவருக்குத் தெரியாது. அருகில் நின்று எட்டிப் பார்ப்பவருக்கோ பதினைந்து, இருபது மீட்டரிலிருந்தே நீர்ப்பரப்பு முழுவதும் தெரியும். கரையில் நீர் அருந்த வந்த மானையும் வெயில் காயும் முதலையையும் ஒருவர் காண்கின்றார். அதே இடத்திலிருக்கும் மற்றொருவர் எதிர்க்கரையை மட்டும் காண்கின்றார். நாற்காலியில் உள்ளவர் குழந்தையானால் சுவரைத் தவிர வேறொன்றும் தெரியாது.

இதற்குப் பரிகாரம் எளிது. சுவரின் ஒரு பகுதியை, இரண்டு மீட்டர் நீளத்திற்கு மட்டும், செங்குத்தான கம்பிகளாலான வேலியாக மாற்றினால் போதும். பாதுகாப்பும் குறையாது, பார்வையும் மறையாது. தாவரங்களின் பெயர்ப் பலகைகளையும் அவ்வாறே தாழ்த்திச் சற்றே சாய்த்து வைத்தால் சிறுவர்களும் படிக்கலாம்.

நீர்வழி

மலை நாட்டில் எங்கும் சமதளமாக இருப்பது ஒன்றே ஒன்று; அது நீர்ப்பரப்பு. நெய்யாறு, தேக்கடி போன்ற நீர்த்தேக்கங்களில் படகுப் பிரயாணம் செய்பவர், ஓர் அடிகூட நடக்காமல் காட்டின் நடுவே செல்கின்றார். யானைக் கூட்டமும் காட்டெருமையும் கரைக்கு வரும்போது, படகே மிகச் சிறந்த காட்சி மேடையாகும். தடை படகில் இல்லை. படகுத் துறையில் உள்ளது.

நீர்த்தேக்கத்தின் மட்டம் மழைக் காலத்திற்கும் கோடைக்கும் பல மீட்டர் வேறுபடும். அதனால் கரையில் நீண்ட படிக்கட்டுகளை அமைப்பதே எளிய வழியாகக் கருதப்படுகின்றது. இதற்கு மாற்று, மிதவைத் துறை. காற்றடைத்த உருளைகளின் மேல் மிதக்கும் மேடை நீரோடு உயர்ந்து தாழும். அதனைக் கரையோடு இணைக்கும் பாலத்தின் ஒரு முனை கீலில் பொருத்தப்பட்டிருக்கும். இங்கும் சரிவின் கணக்கே ஆட்சி செய்கின்றது. 12 மீட்டர் நீளமுள்ள பாலம் ஒரு மீட்டர் மட்ட வேறுபாட்டைப் பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சரிவில் சமாளிக்கும். வேறுபாடு அதற்கு மேல் போகும் காலத்தில், கரையிலேயே வெவ்வேறு உயரங்களில் இரண்டு, மூன்று இணைப்பு இடங்களை அமைத்து, பருவத்திற்கேற்ப மிதவையை நகர்த்திக் கொள்ளலாம். படகில் ஏறிய பின் நாற்காலியின் சக்கரங்களைப் பூட்ட வேண்டும். அமர்ந்திருப்பவர் உயிர் காக்கும் சட்டை அணிய வேண்டும். ஆனால் அவர் உடலை நாற்காலியோடு வார்கொண்டு கட்டலாகாது. படகு கவிழுமானால் அந்த வாரே அவரை மூழ்கடிக்கும்.

உடலைப் பற்றிய எச்சரிக்கைகள்

முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டவரை அழைத்துச் செல்லும் ஆசிரியரும் வனச் சிப்பந்தியும் சில செய்திகளை அறிந்திருத்தல் அவசியம். இவர்களுள் பலருக்குக் கால்களில் உணர்ச்சி இராது. மழைக் காட்டில் அட்டை கடித்தாலும், முள் தைத்தாலும், வெயிலில் காய்ந்த உலோகம் சுட்டாலும் அவர் அறிய மாட்டார். ஆகவே மணிக்கு ஒரு முறையேனும் கால்களைக் கண்ணால் பார்த்துச் சோதிக்க வேண்டும்.

கழுத்திலோ மார்பின் மேற்பகுதியிலோ தண்டு பாதிக்கப்பட்டவர்களுக்கு உடலின் பெரும்பகுதியில் வியர்வை சுரப்பதில்லை. வெப்பம் உள்ளேயே தங்கிவிடும். இவர்களுக்கு நிழலும், நீரும், ஈரத் துணியும் ஆடம்பரமல்ல, மருந்து. கரடுமுரடான பாதையில் ஜீப்பில் நெடுநேரம் அமர்ந்தால் தோலில் அழுத்தப் புண் உண்டாகும். அது ஆறுவதற்குப் பல மாதங்கள் ஆகும். ஆதலால் அரை மணிக்கு ஒரு முறையாவது வண்டியை நிறுத்தி, உடலைச் சற்று உயர்த்தி அழுத்தத்தை மாற்றிக் கொள்ள இடமளிக்க வேண்டும்.

இவை எல்லாவற்றினும் முக்கியமானது கழிவறை. உபயோகிக்கத்தக்க கழிவறை இல்லை என்று அறிந்தவர், நாள் முழுவதும் நீர் அருந்தாமலே பிரயாணம் செய்வார். அதனால் சிறுநீரகத்திற்குக் கேடு விளைகின்றது. 90 சென்டிமீட்டர் அகலமுள்ள கதவும், உள்ளே நாற்காலி திரும்ப இடமும், சுவரில் பிடிகளும் உள்ள ஒரே ஒரு கழிவறை, பல லட்ச ரூபாய் செலவில் அமைத்த காட்சிக் கோபுரத்தைவிட அதிகமான மனிதர்களுக்குக் காட்டைத் திறந்து விடும்.

யந்திரங்களின் உதவி

மடக்கத்தக்க சக்கர நாற்காலி 1930-களில் அமெரிக்காவில் உருவாயிற்று. அதனை மோட்டார் வாகனத்தில் ஏற்றிச் செல்ல முடிந்ததால் நெடும் பிரயாணம் சாத்தியமாயிற்று. இந்தியாவில் கான்பூரில் உள்ள செயற்கை அவயவ உற்பத்திக் கழகம் 1972 முதல் இத்துறையில் பணி செய்து வருகின்றது. சென்னை இந்தியத் தொழில்நுட்ப நிலையத்தின் ஆராய்ச்சியிலிருந்து தோன்றிய ‘நியோபோல்ட்’ என்ற சாதனம், சக்கர நாற்காலியின் முன்புறத்தில் பொருத்தப்படும் மின்விசைச் சக்கரம். கரடுமுரடான சாலையிலும் ஏற்றத்திலும் அது நாற்காலியை இழுத்துச் செல்லும். அமெரிக்காவில் சில பூங்காக்களில், பட்டைச் சங்கிலி பொருத்திய மின்விசை நாற்காலிகளை வருகையாளர்களுக்கு இரவலாகத் தருகின்றனர். ஒவ்வொருவரும் இத்தகைய யந்திரத்தை வாங்க வேண்டியதில்லை. வனவாயிலில் இரண்டு இருந்தால் போதும்.

வனத்தின் உரிமை

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழக்கூடும். காட்டினுள் எங்கும் பாதை போட்டால் காடு காடாக இருக்குமா? இது நியாயமான வினா. 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், தேசியப் பூங்காவிலும் சரணாலயத்திலும் வனவிலங்குகளின் வாழிடத்தைச் சிதைப்பதைத் தடை செய்கின்றது. அகத்தியர் கூடத்தின் உச்சிக்குச் சிமெண்டுச் சாலை அமைக்க வேண்டுமென்று அறிவுடையோர் எவரும் கோரார்.

இவ்விஷயத்தில் அமெரிக்கா 1990-ம் ஆண்டில் இயற்றிய சட்டம் ஒரு நடுவழியைக் காட்டுகின்றது. யந்திர வாகனங்கள் தடை செய்யப்பட்ட வனப் பகுதியிலும் சக்கர நாற்காலி தடை செய்யப்படாது. அதே சமயம் அதற்காக நிலத்தை மாற்றியமைக்கும் கடமையும் எவருக்கும் இல்லை என்பது அதன் கருத்து. புளோரிடாவில் உள்ள எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவில், சதுப்பு நிலத்தின் மேல் மரப்பாதை வழியே நாற்காலியில் சென்று முதலைகளை அருகில் காணலாம். ஆனால் சதுப்பு நிலம் முழுவதும் மரப்பாதையால் மூடப்படவில்லை. மக்கள் வழக்கமாகச் செல்லும் விளிம்புப் பகுதியில் ஒரு கிலோமீட்டர் பாதையேனும் எல்லோருக்கும் உரியதாக இருக்க வேண்டும். ஆழ்வனம் ஆழ்வனமாகவே இருக்கட்டும். வனத்திற்கும் மனிதருக்கும் இடையே இவ்வாறு ஒரு நேர்மையான உடன்படிக்கை கூடும்.

எல்லை எது என்பதில் காலத்திற்குக் காலம் கருத்து மாறுவதும் உண்டு. அகத்தியர் கூடத்திற்கு மலையேறுவதற்குப் பெண்களுக்கு அனுமதி நெடுங்காலம் மறுக்கப்பட்டு வந்தது. 2018-ம் ஆண்டில் கேரள உயர் நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. 2019-ம் ஆண்டு ஜனவரியில் பெண்கள் ஏறினர். மலை மாறவில்லை, விதி மாறிற்று. மற்றோர் எடுத்துக்காட்டு சபரிமலை. பெரியாறு புலிகள் காப்பகத்தால் சூழப்பட்ட இத்தலத்திற்கு, நடக்க இயலாத முதியோரை நால்வர் தோளில் டோலி சுமந்து செல்லும் வழக்கம் இருந்து வந்தது. காட்டு வழியில் நடக்க இயலாதவரும் செல்ல வேண்டும் என்ற எண்ணம் நம் நாட்டிற்குப் புதிதன்று என்பதற்கு இது சான்று. எனினும் பிறர் தோளில் செல்வதும் தன் சக்கரத்தில் செல்வதும் ஒன்றல்ல. முன்னதில் ஒருவர் கொண்டு செல்லப்படுகின்றார். பின்னதில் அவர் செல்கின்றார். விரும்பிய இடத்தில் நிற்கவும், ஒரு பறவையைக் கால் மணி நேரம் பார்த்திருக்கவும், வேண்டாமென்றால் திரும்பி வரவும் அவருக்கு உரிமை உண்டு.

சட்டம் கூறுவது

ஐக்கிய நாடுகள் சபை 2006-ம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய உடன்படிக்கையை இந்தியா 2007-ம் ஆண்டில் உறுதி செய்தது. அதன் முப்பதாவது பிரிவு ஓய்வு, பொழுதுபோக்கு, சுற்றுலா ஆகியவற்றையும் உரிமைகளாகக் கூறுகின்றது. இதையொட்டி இயற்றப்பட்ட 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், கல்வி நிலையங்கள் இம்மாணவர்களுக்கு விளையாட்டிலும் பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளிலும் மற்றவர்களுக்குச் சமமான வாய்ப்பு அளிக்க வேண்டும் என்று பதினாறாவது பிரிவில் விதிக்கின்றது. 2024-ம் ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம், தடையற்ற அணுகுமுறைக்கான விதிகள் வெறும் பரிந்துரைகளாக இருத்தல் போதாது என்றும், கட்டாயமான தரங்களை அரசு வகுக்க வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. ஆகவே வகுப்போடு வனத்திற்குச் செல்வது அச்சிறுமிக்குக் காட்டும் சலுகையன்று, அவளுக்கு உரியது.

செய்யத்தக்கவை

வனச் சிப்பந்திகள் முதலில் செய்ய வேண்டியது கட்டுவதன்று, அளப்பது. பாதையின் நீளம், மிகச் செங்குத்தான இடத்தின் சரிவு, மிகக் குறுகிய இடத்தின் அகலம், படிகளின் எண்ணிக்கை, கழிவறையின் கதவு அகலம், மழைக் காலத்தில் நிலை ஆகிய ஆறு செய்திகளையும் ஒரு பலகையில் எழுதி வாயிலில் வைக்க வேண்டும். “மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றது” என்ற ஒற்றை வரி எவருக்கும் உதவாது. ஒருவருக்கு எளிதான சரிவு மற்றொருவருக்கு அரிதாகும். உண்மையான அளவைக் கூறினால் முடிவை அவரவரே செய்து கொள்வர். யானை நடமாட்டமுள்ள பகுதியில் நாற்காலியில் இருப்பவர் விரைந்து விலக முடியாது என்பதால், அவரோடு வாகனம் எப்பொழுதும் அருகில் இருக்க வேண்டும். அத்தகைய பகுதிகளை வாகனத்திலிருந்தோ படகிலிருந்தோ காண்பதே முறை.

ஆசிரியர்கள் செய்யத்தக்கது, இடத்தைத் தேர்ந்தெடுத்த பின் அம்மாணவியை என்ன செய்வது என்று யோசிப்பதை விட்டு, அவளையும் எண்ணியே இடத்தைத் தேர்ந்தெடுப்பது. புறப்படுவதற்கு முன் அவளிடமும் பெற்றோரிடமும் கேட்டறிய வேண்டும். அவளுடைய உடலின் தேவைகளை அவளைவிட அறிந்தவர் இல்லை. முதலில் மிருகக்காட்சி சாலையில் அரை நாள், பிறகு பாலோட்டில் ஒரு நாள், அதன் பின் நெய்யாற்றில் படகு என்று படிப்படியாகச் செல்லலாம். நாற்காலியைத் தூக்கும் முறையை உடன் செல்வோர் முன்னரே பழக வேண்டும். கழற்றத்தக்க கைத்தாங்கியையோ கால்தாங்கியையோ பிடித்துத் தூக்கலாகாது, கெட்டியான சட்டத்தையே பிடிக்க வேண்டும். அவளைக் கேளாமல் நாற்காலியைத் தொடலாகாது என்பதையும் மாணவர்களுக்குக் கற்பிக்க வேண்டும்.

காட்டில் ஓரிடத்தில் அசையாமல் அமர்ந்திருப்பவரே அதிகம் காண்கின்றார் என்பது பறவை நோக்குவோர் அனைவரும் அறிந்த உண்மை. நாற்பது மாணவர்களுள் முப்பத்தொன்பது பேர் அடுத்த வளைவை நோக்கி ஓடிக்கொண்டிருக்கும்போது, பாதையின் ஓரத்தில் அமைதியாக இருக்கும் அச்சிறுமியின் முன்தான் மலபார் அணில் கிளையிறங்கி வரக்கூடும். மறுநாள் வகுப்பில் அதைப் பற்றிச் சொல்ல வேண்டியவள் அவளாக இருப்பாள். அந்த இடம் வரையில் அவள் தன் சக்கரங்களிலேயே வந்து சேருவதற்குத் தேவையானவை ஒரு மரச்சட்டமும், ஒரு ரசமட்டமும், சில மீட்டர் பலகையும், அவளையும் எண்ணித் திட்டமிடும் ஓர் ஆசிரியருமே.